சிலாஸின் இடது பக்கம்

தெலுங்குச் சீமையில் இருந்த திருமுல்கேரி தமிழ்ச் சபையில் சிலாஸைத் தெரியாதவர் யாரும் இல்லை. அவன் சொந்தமாக ஒரு வாக்கியம் பேசிக் கேட்டவரும் யாரும் இல்லை. பதினாறு வயதில் பிரசங்க மேடை ஏறியவன், இருபத்து நாலு வயதாகியும் அதே இடத்தில்தான் நின்றுகொண்டிருந்தான். பிரசங்கியாருக்கு இடது பக்கம், ஓரடி தள்ளி. அவர் தமிழில் ஒரு வாக்கியம் சொல்லி நிறுத்துவார். சிலாஸ் அதைத் தெலுங்கில் சொல்லி நிறுத்துவான். அப்புறம் அவர், அப்புறம் இவன். சபையின் பெரியவர்களுக்குத் தமிழ் வேண்டும். அவர்கள் அங்கேயே பெற்று அங்கேயே பள்ளிக்கு அனுப்பிய பிள்ளைகளுக்குத் தெலுங்கு வேண்டும். இரண்டு தரப்பையும் ஒரே பெஞ்சில் உட்கார வைக்க இதைவிட நல்ல ஏற்பாடு எவருக்கும் தோன்றவில்லை. அரை மணி நேரப் பிரசங்கம் ஒரு மணி நேரமாகும் என்பதைத் தவிர அதில் குறை ஒன்றும் கிடையாது.

சிலாஸ் சும்மா சொல்லிவிட்டுப் போகிற ஆளும் இல்லை. பிரசங்கியார் கையைத் தூக்கினால் இவனும் தூக்குவான். அவர் மேஜையைத் தட்டினால் இவனும் தட்டுவான். தும்மினால் மட்டும் விட்டுவிடுவான். அவர் சொன்ன வேடிக்கைக்குத் தமிழ்ப் பக்கம் யாரும் சிரிக்கவில்லை என்றால், தெலுங்கில் வேறொரு வேடிக்கையைச் சொல்லிச் சிரிக்க வைத்துவிடுவான். அவரும் தன் வேடிக்கைதான் தாமதமாகப் புரிந்தது என்று பூரித்துப்போவார். ஒரு தடவை திருநெல்வேலிப் பக்கமிருந்து வந்த ஒரு பெரியவர், பெண்கள் நகை போடுவதை முக்கால் மணி நேரம் வறுத்தெடுத்தார். முன் வரிசையில் தெலுங்கு மட்டுமே தெரிந்த மருமகள்கள் கழுத்து நிறைய நகையோடு உட்கார்ந்திருந்தார்கள். சிலாஸுக்குப் பாவமாக இருந்தது. பெண்களே சபைக்கு ஆபரணம் என்று தெலுங்கில் போட்டுவிட்டான். மருமகள்கள் கண் கலங்கித் தலையாட்டினார்கள். இப்படி மனந்திரும்புகிற சபையைத் தன் முப்பது வருஷ ஊழியத்தில் கண்டதில்லை என்று பெரியவர் ஊருக்குப் போய்க் கடிதம் எழுதினார்.

இத்தனை பேரின் பேச்சைச் சுமந்தவனுக்கு உள்ளுக்குள் ஓர் ஆசை அரித்துக்கொண்டே இருந்தது. ஒரே ஒரு நாளாவது மேடை நடுவில் தனியாக நின்று, தன் வாயால் தன் பேச்சைப் பேசிவிட வேண்டும். ஆசைக்குப் பக்கத்திலேயே ஒரு பயமும் குடியிருந்தது. அப்படி நின்றால் சொல்வதற்குத் தன்னிடம் ஏதாவது இருக்கிறதா என்று அவனுக்கே தெரியாது.

அந்த 1980ஆம் வருஷம் பொலிவியா தேசத்து மலைச் சபையிலிருந்து ஒரு கடிதம் வந்தது. இந்தியாவிலிருந்து ஓர் ஊழியக்காரரை இரண்டு வருஷத்துக்கு அனுப்ப முடியுமா என்று கேட்டிருந்தார்கள். சபையில் இதற்கென்றே ஐந்து பேர் கொண்ட தூரதேச ஊழியக் கமிட்டி ஒன்று இருந்தது. அது இதுவரை தூரம் என்று போனது வாரங்கல்வரைக்கும்தான். கமிட்டித் தலைவர் ஜேசுராஜ், ரயில்வேயில் ஹெட் கிளார்க்காக இருந்து ரிட்டையர் ஆனவர். அந்த ஊரில் ஸ்பானிஷ் பேசுவார்கள் என்று ஒருவர் அட்லஸைப் பார்த்துச் சொன்னதும் தலைவர், தமிழ், தெலுங்கு, உருது, இங்கிலீஷ் நாலையும் முழுங்கினவனுக்கு ஐந்தாவது பாஷை தொண்டையில் அடைக்காது என்று சிலாஸ் பெயரைச் சொன்னார். ஒரு வருஷம் பயிற்சி. முடிவில் கமிட்டி முன்னால் ஸ்பானிஷில் ஒரு பரீட்சைப் பிரசங்கம். தேறினால் பொலிவியா.

சிலாஸின் அப்பா எட்வர்டுக்கு இது பிடிக்கவில்லை. அவர் வேலை பார்த்த அதே பொதுத்துறைக் கம்பெனியில்தான் மகனையும் டைப்பிஸ்டாக நுழைத்திருந்தார். குவார்ட்டர்ஸ் உண்டு, கேன்டீன் உண்டு, ரிட்டையர் ஆகிறவரைக்கும் யாரும் எழுப்ப மாட்டார்கள். அப்பேர்ப்பட்ட சீட்டை விட்டுவிட்டு எவனாவது மலை ஏறுவானா என்று கேட்டார். கடைசியில் ஒரு வருஷம் சம்பளமில்லாத லீவுக்கு அவரே மேனேஜரைப் போய்ப் பார்த்தார். பையன் எப்படியும் பரீட்சையில் தோற்பான் என்கிற நம்பிக்கை அவருக்கு இருந்தது.

பயிற்சி போலாரத்தில் ஒரு பழைய பங்களாவில் ஆரம்பமானது. காலையில் வேத பாடம். அதற்குப் பிறகு ஜேசுராஜே வகுத்த குளிர்ப் பயிற்சி. பொலிவியா மலையில் பல் கிட்டும் குளிர் என்று யாரோ அவருக்குச் சொல்லியிருந்தார்கள். குளிருக்குப் பழக வேண்டுமென்றால் கம்பளிக்குப் பழக வேண்டும் என்பது அவர் கணிப்பு. ஆகவே மிலிட்டரிக் கழிவுச் சாமான் கடையிலிருந்து ஒரு ஓவர்கோட்டை வாங்கிக் கொடுத்து, சித்திரை வெயிலில் அதைப் போட்டுக்கொண்டு சைக்கிள் மிதிக்கச் சொன்னார். சிலாஸ் தினமும் போலாரத்திலிருந்து மௌலா அலிவரைக்கும் அந்தக் கோட்டோடு மிதித்தான். ஒரு மாதத்தில் அவன் உடம்பு எந்த வெயிலையும் தாங்கப் பழகிவிட்டது. குளிர் மட்டும் பாக்கி.

மௌலா அலிக்குப் போனது ஸ்பானிஷ் படிக்க. அங்கே ஸ்டாஃப் காலனியில் ரமா என்று ஒரு பெண் இருந்தாள். சிலாஸைவிட இரண்டு வயது மூத்தவள். பம்பு தயாரித்துத் தென் அமெரிக்காவுக்கு அனுப்பும் ஒரு சர்க்கார் ஆலையில் ஏற்றுமதிக் கடிதங்கள் எழுதுவது அவள் வேலை. அதற்காகவே மாலை வகுப்பில் ஸ்பானிஷ் படித்தவள். நகரம் முழுக்கத் தேடியும் தமிழும் ஸ்பானிஷும் தெரிந்த ஆசாமி வேறு யாரும் கமிட்டிக்கு அகப்படவில்லை. பாடம் நடக்கும்போது ரமாவின் அம்மா கல்பகம் காவலுக்கு என்று எதிரில் உட்கார்ந்து கீரை ஆய்வாள். மூன்று மாதத்தில் சிலாஸுக்கு வராத உச்சரிப்பெல்லாம் கல்பகத்துக்கு வந்துவிட்டது. பால்காரனுக்கு ஸ்பானிஷில்தான் மாலை வணக்கம் சொன்னாள். அவன் பாலில் தண்ணீரைக் குறைத்தான், ஏதோ திட்டுகிறாள் என்று நினைத்து.

ரமாவின் ஸ்பானிஷில் தப்பே கிடையாது. ஆனால் அது முழுக்க முழுக்கக் கம்பெனிக் கடித ஸ்பானிஷ். அவளுக்குத் தெரிந்தது அதுதான், சிலாஸுக்குக் கிடைத்ததும் அதுதான். ஆகவே அவன் ஜெபம் பண்ணினால், தங்கள் மேலான கவனத்துக்குக் கீழ்க்கண்ட விண்ணப்பத்தைச் சமர்ப்பிக்கிறேன் என்று தொடங்கும். மனந்திரும்பச் சொன்னால், இக்கடிதம் கண்ட உடன் ஆவன செய்யும்படி கேட்டுக்கொள்ளப்படுகிறீர்கள் என்று வரும். சொர்க்கத்தைப் பற்றி எழுதிய பத்தி, சரக்கு நல்ல நிலையில் வந்து சேர்ந்தது என்று முடிந்தது. இரண்டு பேருக்கும் அதில் எந்த வித்தியாசமும் தெரியவில்லை. ஐந்து வருஷமாகச் சர்க்கார் கம்பெனியில் உட்கார்ந்தவர்களுக்கு அதுதான் மரியாதையான பேச்சு.

பரீட்சை நாள் வந்தது. போலாரம் பங்களாவின் பெரிய அறையில் கமிட்டி ஐவரும் வரிசையாக உட்கார்ந்தார்கள். ஐவரில் ஒருவருக்கும் ஸ்பானிஷில் ஒரு வார்த்தை தெரியாது. அதற்காக ரமாவைச் சாட்சிக்கு அழைத்திருந்தார்கள். எட்வர்டும் ஓரமாக நின்றார். சிலாஸ் ஆசைப்பட்ட மாதிரியே நடுவில், தனியாக, மேஜைக்குப் பின்னால் போய் நின்றான். முதல் வாக்கியத்தைக் கணீரென்று சொன்னான். சொல்லி நிறுத்தினான்.

நிறுத்தியவன் அடுத்ததைத் தொடங்கவில்லை. இடது பக்கம் லேசாகத் தலையைத் திருப்பி, மரியாதையாகக் காத்திருந்தான். அங்கே காலண்டர்தான் தொங்கிக்கொண்டிருந்தது. தன் வாக்கியத்தை வேறொருவர் இன்னொரு பாஷையில் சொல்லி முடிக்காமல் அவனுக்கு அடுத்த வாக்கியம் வாய்க்கு ஏறவில்லை. எட்டு வருஷப் பழக்கம். கடைசியில் வியர்த்துப்போய் இரண்டாவது வாக்கியத்தைப் பிடித்து இழுத்துச் சொன்னான். திரும்பவும் காத்திருந்தான். அரை மணி நேரத்தில் பதினோரு வாக்கியம் ஆனது. அவனுக்கு அழுகை வரும்போல இருந்தது. இத்தனை நாள் ஆசைப்பட்ட இடத்தில் நிற்கிறோம், நிற்கத் தெரியவில்லையே என்று வெட்கமாக இருந்தது.

கமிட்டி பிரமித்துப்போய் உட்கார்ந்திருந்தது. “மத்தவனெல்லாம் மூச்சு விடாமப் பேசிக்கிட்டே போவான்,” என்றார் ஜேசுராஜ். “இவன் நம்மள யோசிக்க விடுதான் பாத்தீங்களா? ஒவ்வொரு வார்த்தையும் உள்ள இறங்குது.” என்ன இறங்கியது என்று ஒருவரும் கேட்கவில்லை. மொழியில் தப்பு உண்டா என்று ரமாவைக் கேட்டார்கள். ஒரு தப்பும் இல்லை என்று அவள் உண்மையைத்தான் சொன்னாள். ஐந்து கையும் தூக்கப்பட்டன. எட்வர்டு சுவரில் சாய்ந்துவிட்டார்.

வெளியே வந்ததும் சிலாஸ் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு அசையாமல் நின்றான்.

“ரமா டீச்சர், நான் தோத்துட்டேன்.”

“ஹவ், ஆமா, தோத்துட்டேள். ஆனா பாஸாயிட்டேள்,” என்றாள் ரமா. “ஒண்ணு கேக்கறேன். ஒவ்வொரு வாட்டியும் யாருக்காகக் காத்துண்டிருந்தேள்?”

“தெலுங்குக்கு,” என்றான் சிலாஸ்.

ரமா சிரிக்கவில்லை. யோசித்தாள். கம்பெனியில் எந்தக் கோளாறுக்கும் முதலில் ஒரு தற்காலிக ஏற்பாடு செய்வது வழக்கம். அதன்படி மறுநாள் தன் வீட்டில் அவளே அவன் இடது பக்கம் நின்று, அவன் சொன்ன ஸ்பானிஷைத் தமிழில் திருப்பிச் சொன்னாள். பிரசங்கம் தண்ணீர்பட்ட பாடாக ஓடியது. கல்பகம் கீரையை வைத்துவிட்டுக் கைதட்டினாள். ஆனால் சிலாஸுக்குப் பேச்சு வர வேண்டுமானால் பக்கத்தில் ரமா நிற்க வேண்டுமாம் என்கிற செய்தி திருமுல்கேரிக்குப் போய்ச் சேர்ந்தபோது அதன் உருவமே மாறியிருந்தது. சிலாஸின் அம்மா ஜெயசுந்தரி மூன்று நாள் சாப்பிடவில்லை. கல்பகம் ஒரு வாரம் அவனுக்குக் காபியை நிறுத்தினாள். ஏற்பாடும் அத்தோடு நின்றது. எட்வர்டு மட்டும் மகனைத் தனியாகக் கூப்பிட்டார்.

“ஏல, போவ நக்கோ, போவலன்னு ஒரு வார்த்தை சொல்லு. நாளைக்கே போய் உன் சீட்டுல உக்காரு. ஒருத்தனும் ஒண்ணும் கேக்க மாட்டான்.”

சொல்லிவிடலாம் என்றுதான் சிலாஸுக்கும் இருந்தது. ஆனால் திரும்பிப் போனால் சாகும்வரை அந்த இடது பக்கம்தான் கதி என்று தெரிந்தது. போகிறேன் என்றான். ஜெயசுந்தரி அழுதுகொண்டே நாலு பாட்டில் ஊறுகாய் கட்டிக்கொடுத்தாள்.

பொலிவியாவில் இறங்கியவுடன் மூச்சு வாங்கியது. அந்த மலையில் காற்றே கொஞ்சம்தான். சான் ரோக்கே என்று ஒரு சின்ன ஊர். உருளைக்கிழங்கு வயல், தகரக் கூரை போட்ட கோயில், நாற்பது பேர் சபை. வீட்டில் மலைப் பாஷை பேசுவார்கள், கோயிலிலும் கடையிலும் ஸ்பானிஷ். ஓவர்கோட் அந்தக் குளிருக்கு ஒரு மூலைக்கும் காணவில்லை. முதல் ஞாயிற்றுக்கிழமையே அவன் பிரசங்கம் என்று சொல்லிவிட்டார்கள். அந்த ஊர்ப் போதகர் அவனை மேடையில் ஏற்றி, இவர் இந்தியாவிலிருந்து வந்திருக்கிறார், நல்ல பிரசங்கியார் என்று கமிட்டி எழுதியிருக்கிறது என்று சொல்லிவிட்டுக் கடைசி வரிசையில் போய் உட்கார்ந்துகொண்டார்.

“மதிப்பிற்குரிய ஐயாமார்களே, அம்மாமார்களே,” என்று ஸ்பானிஷில் தொடங்கினான் சிலாஸ். “தங்கள் ஆத்துமா தொடர்பாகச் சில விவரங்களைத் தங்கள் மேலான கவனத்துக்குக் கொண்டுவருவதில் மகிழ்ச்சியடைகிறேன்.”

சொல்லி நிறுத்தினான். இடது பக்கம் பார்த்தான். அங்கே யாரும் இல்லை. நாற்பது ஜோடிக் கண்கள் அவனையே பார்த்தன. ஒரு நிமிஷம் போனது. ஒரு குழந்தை இருமியது. இன்னொரு நிமிஷமும் போனபோது சிலாஸின் கால் தானாகவே நகர்ந்தது. ஓரடி இடது பக்கம் போய் நின்று, கைகளைக் கட்டிக்கொண்டு, தான் சொன்னதைத் தமிழில் சொன்னான். சொல்லி முடித்து மறுபடி நடுவுக்கு வந்தான். அடுத்த வாக்கியம் வெண்ணெயாக வந்தது.

சபை மலைக்கவில்லை. இந்தியாவில் இப்படித்தான் போலும் என்று எடுத்துக்கொண்டது. சிலாஸ் நடுவில் ஸ்பானிஷும் இடது பக்கம் தமிழுமாகப் போய்வந்துகொண்டிருந்தான். மேற்படி பாவங்களை ரத்து செய்ய ஏற்பாடு செய்யப்பட்டுள்ளது என்றான் நடுவில். போய்த் தமிழில் சொன்னான். தாமதமின்றிப் பதில் அனுப்புமாறு கேட்டுக்கொள்கிறேன் என்றான். போய்ச் சொன்னான். பத்து வாக்கியம் இப்படிப் போனதும் இடது பக்கத்தில் நின்ற சிலாஸுக்கு அவனுடைய பழைய குணம் தலைகாட்டியது. பிரசங்கியார் சொதப்பினால் சரிக்கட்டுவது அல்லவா அவன் வேலை? இந்தப் பிரசங்கியார் ரொம்பச் சொதப்புகிறாரே என்று அவனுக்குப் பட்டது. தமிழ் தெரிந்தவர் ஆயிரம் மைல் சுற்றுவட்டாரத்தில் இல்லை என்பதும் ஞாபகம் வந்தது.

“ஐயா சொல்லுறதுல ஒண்ணும் இல்லைங்க,” என்றான் தமிழில், அதே மரியாதையான குரலில். “ஐயாவுக்குப் பயமா இருக்கு.”

நடுவுக்கு வந்து அடுத்த கடித வாக்கியத்தைச் சொன்னான். திரும்பப் போனான். ஐயா வந்து ஆறு நாள் ஆகிறது, ஆறு ராத்திரியும் தூங்கவில்லை என்றான். ஐயாவுக்கு வீட்டு ஞாபகமாக இருக்கிறது. ஊறுகாயைக்கூடத் திறக்கவில்லை, திறந்தால் அழுதுவிடுவார். எட்டு வருஷம் ஊரார் பேச்சையெல்லாம் பேசிவிட்டார், அவருக்கென்று கடவுள் ஒரு வார்த்தையாவது வைத்திருக்கிறாரா என்று கேட்டுக் கேட்டுக் களைத்துப்போனார். நடுவில் ஒரு வரி, இடது பக்கம் பத்து வரி என்று ஆகிவிட்டது. கையைத் தூக்க வேண்டிய இடத்தில் கை தானாக எழுந்தது. எவர் தூக்கியதையும் பார்த்து இல்லை.

இரண்டாவது பெஞ்சில், முதுகில் குழந்தையைக் கட்டிக்கொண்டு பெட்ரொனீலா என்கிற பெண் உட்கார்ந்திருந்தாள். சந்தையில் உருளைக்கிழங்கு விற்பவள். ஸ்பானிஷ் தெரியாத மலை ஜனங்கள் மனுவோடு ஆபீஸுக்குப் போகும்போது கூடப் போய் இரண்டு பாஷையிலும் பேசிக்கொடுப்பதும் அவள்தான். அந்தத் தொழிலில் அவளுக்குத் தெரியாத தில்லுமுல்லு கிடையாது. அவள் எழுந்து நின்றாள்.

“ஐயா, மன்னிக்கணும். நீங்க இந்தப் பக்கம் நிக்கும்போது ஆபீஸ் மாதிரி பேசுறீங்க. அந்தப் பக்கம் போனா மனுஷன் மாதிரி பேசுறீங்க. அங்க சொன்னது வேற, இங்க சொன்னது வேற, எனக்குத் தெரியும். அங்க சொன்னதை எங்களுக்குச் சொல்லுங்க.”

கடைசி வரிசைப் போதகர் பதறி எழுந்தார். சிலாஸ் எட்டு வருஷமாக எத்தனையோ பிரசங்கியார்களின் பேச்சை மாற்றியிருக்கிறான், ஒரு ஆளும் கண்டுபிடித்ததில்லை. மாட்டிக்கொண்டோம், அடுத்த பஸ்ஸிலேயே அனுப்பிவிடுவார்கள் என்று நினைத்தான். எட்வர்டு பிடித்துக்கொடுத்த கம்பெனிச் சீட்டு ஒரு கணம் கண்முன் வந்து போனது. ஆனால் பெட்ரொனீலா உட்காரவில்லை. கோபமாகவும் இல்லை. அவளுக்கு நிஜமாகவே கேட்க வேண்டியிருந்தது.

சிலாஸ் நடுவுக்கு வந்தான். எழுதிவைத்த தாளை மடித்தான். ரமா சொல்லிக்கொடுத்ததில் எந்தக் கடிதத்திலும் இல்லாத ஒரு வாக்கியத்தை, ஒவ்வொரு வார்த்தையாகத் தேடிப் பொறுக்கி ஸ்பானிஷில் சொன்னான்.

“எனக்குப் பயமாக இருக்கிறது.”

சொல்லி, வழக்கம்போல நிறுத்தினான். அடுத்தது வரவில்லை. சிலாஸ் காத்திருந்தான், இந்த முறை யாருக்காக என்று தெரியாமலே.

“எனக்கும்தான்,” என்றார் மூன்றாவது பெஞ்சிலிருந்து ஒரு கிழங்கு விவசாயி. சொல்லிவிட்டுத் தொப்பியைக் கையில் வைத்து உருட்டினார்.

“எனக்கும்,” என்றாள் பெட்ரொனீலா. கடைசி வரிசையிலிருந்து போதகரும், பிரசங்கம் பண்ண ஏறுகிற ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் தனக்கும் அப்படித்தான் என்று மெதுவாகச் சொன்னார்.

சிலாஸ் அழுதுகொண்டே சிரித்தான். அடுத்த வாக்கியம் தானாக வந்தது, அதற்கு அடுத்ததும் வந்தது. பாதி வார்த்தை தப்பு, ஆண்பால் பெண்பால் எல்லாம் தாறுமாறு, ரமா கேட்டிருந்தால் காதைப் பொத்தியிருப்பாள். ஒவ்வொரு வாக்கியத்துக்கும் நாற்பது பேரில் யாராவது ஒருவர் பதில் சொன்னார்கள். ஒன்றரை மணி நேரம் ஆயிற்று. வீட்டில் எல்லார் அடுப்பிலும் சூப் தீய்ந்துபோயிருக்கும், போதும் நிறுத்துங்கள் என்று கடைசியில் பெட்ரொனீலாவே எழுந்து சொல்ல வேண்டியிருந்தது.